ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: வகுப்பையும் ஊர் சுற்றலையும் ஒரே வாரத்தில் அடக்குவது எப்படி?

முதல் செமஸ்டரின் அட்டவணை கைக்கு வந்ததும் பலருக்கும் ஒரு நிம்மதி. திங்கள் ஒரு லெக்சர், செவ்வாய் இரண்டு, புதன் காலி, வெள்ளி மதியத்தோடு சரி. அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை என்று சீனியர்களும் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு நேரம் இருக்கிறதே, வாராவாரம் ஓர் ஊரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் காலி இடங்கள் எதற்காக விடப்பட்டவை என்பது பிப்ரவரியில் தேர்வு வரும்போதுதான் பலருக்கும் புரிகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு ஈசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்புச் சுமையை அளக்கும் அலகு) என்பது பெரும்பாலும் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடத்துக்கு 150 மணி நேரம். அந்தப் பாடத்துக்கு வாரம் ஒரு லெக்சர், ஒரு பயிற்சி வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 3 மணி நேரம், 14 வாரத்துக்கு 42 மணி நேரம். மீதி 108 மணி நேரமும் உங்கள் பொறுப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட், அதாவது இப்படி ஆறு பாடங்கள் எடுத்தால் வகுப்பறையில் இருப்பது வாரம் 18 மணி நேரம்தான். தேர்வுக் காலத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிய பிறகும், வகுப்பு நடக்கும் வாரங்களில் சொந்தப் படிப்புக்கு 25 முதல் 30 மணி நேரம் தேவைப்படும்.

மொத்தம் 45 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி நேரம். ஏழாவது நாள் முழுதாக உங்களுக்கு. ஆகவே ஊர் சுற்ற நேரம் உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் அந்த ஒரு நாளை முன்கூட்டியே குறித்து வைத்து, மற்ற ஆறு நாளை அதற்கேற்ப அடுக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று விட்டால் போகவும் மாட்டீர்கள், படிக்கவும் மாட்டீர்கள்.

அட்டவணையில் உள்ள குறிகள்

நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." என்று இருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும். 10 சி.டி. என்றால் 10:15. "எஸ்.டி." என்றால் சொன்ன நேரத்துக்கே. தேர்வுகள் பெரும்பாலும் எஸ்.டி.தான். வகுப்புப் பழக்கத்தில் கால் மணி நேரம் கழித்துப் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

வாய்மொழியாக நேரம் சொல்லும்போது "ஹால்ப்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "ஹால்ப் நொய்ன்" என்பதில் நொய்ன் என்றால் ஒன்பது. ஆனால் அதன் பொருள் எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. குழு வேலைக்கு ஒன்பதரைக்குப் போய், எல்லோரும் ஒரு மணி நேரம் காத்திருந்து கலைந்து போயிருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் எண்ணாக எழுதிக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தேதிக்குப் பதிலாக "கே.டபிள்யூ. 45" என்று எழுதியிருந்தால் ஆண்டின் 45ஆவது வாரம். கைப்பேசி நாட்காட்டியில் வார எண் தெரியும்படியும், வாரம் திங்களில் தொடங்கும்படியும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆய்வகச் சுழற்சி முறையை வார எண்ணில்தான் போடுவார்கள்.

வகுப்பு வகைகளில் "ஃபோர்லேசுங்" என்பது லெக்சர், வராவிட்டால் கேட்க மாட்டார்கள். "ஊபுங்" என்பது பயிற்சி வகுப்பு, தேர்வுக் கேள்விகளின் சாயல் இங்கேதான் தெரியும். "ப்ராக்டிகும்" என்ற ஆய்வக வகுப்பிலும் செமினாரிலும் வருகை பொதுவாகக் கட்டாயம். அட்டெண்டன்ஸ் இல்லை என்று சீனியர் சொன்னது லெக்சருக்கு மட்டும். லெக்சர் முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். அது கைதட்டலுக்குச் சமம், நீங்களும் தட்டுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்று இருந்தாலும், பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முதல் பாதியில் முடிந்துவிடும். விசா தாமதத்தால் நவம்பரில் வருபவர்கள் இந்தப் பட்டியலை வந்த அன்றே தொடங்க வேண்டும்.

1. ஒவ்வொரு பாடத்துக்கும் மூடில், இலியாஸ், ஸ்டுட் ஐபி என்று உங்கள் பல்கலைக்கழகம் எந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறதோ அதில் சேருங்கள். கடவுச்சொல் முதல் லெக்சரில் சொல்லப்படலாம்.
2. பயிற்சி வகுப்புக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். நல்ல நேரமெல்லாம் முதல் நாளிலேயே நிரம்பிவிடும், மிஞ்சுவது வெள்ளி மாலை.
3. பாடக் கையேட்டைத் திறந்து, தேர்வு எழுத்துத் தேர்வா, வாய்மொழியா, அறிக்கையா என்று பாருங்கள். பயிற்சித் தாளில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
4. தேர்வுப் பதிவு எந்தத் தேதியில் திறந்து எந்தத் தேதியில் மூடும் என்று கண்டுபிடித்துக் கைப்பேசியில் இரண்டு நினைவூட்டல் வையுங்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பதியாதவர் அரங்கத்துக்கு வந்தாலும் எழுத முடியாது.
5. உங்கள் துறையின் "ஃபாக்ஷாஃப்ட்", அதாவது மாணவர் பிரதிநிதிகளின் அறை எங்கே என்று பார்த்து வாருங்கள். பழைய வினாத்தாள்கள் பல இடங்களில் அவர்களிடம்தான் கிடைக்கும்.
6. பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பும் ஜெர்மன் மொழி வகுப்பும் வேண்டுமென்றால் பதிவு திறக்கும் நாளும் மணியும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல், சுவர் ஏற்றம் போன்றவை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

மொழி வகுப்பை வாரத்துக்கு இரண்டு மாலை என்று எடுத்துக்கொள்வது நல்லது. ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் ரயில் நிலைய அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும் என்று நம்ப முடியாது. அதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

வாரத்தின் அச்சாணி பயிற்சித் தாள்

பொறியியல், கணிதம், கணினி அறிவியல் போன்ற துறைகளில் பல பாடங்களுக்கு வாரம் ஒரு பயிற்சித் தாள் வரும். பெரும்பாலும் அடுத்த வாரம் அதே நாளில் ஒப்படைக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதி எடுத்தால்தான் தேர்வெழுத அனுமதி என்ற விதி பல பாடங்களில் உண்டு. அந்த மதிப்பெண் இறுதித் தரத்தில் சேராது என்பதால் அலட்சியப்படுத்தத் தோன்றும்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 12 தாள், தாளுக்கு 20 மதிப்பெண், மொத்தம் 240. அனுமதிக்கு 120 வேண்டும். வீடு தேடியதிலும் நகராட்சிப் பதிவுக்கு அலைந்ததிலும் முதல் மூன்று தாளை விட்டுவிட்டீர்கள் என்றால் மிச்சம் 9 தாளில் அந்த 120ஐ எடுத்தாக வேண்டும். தாளுக்கு 13 முதல் 14. முதல் தாள் எளிது, ஒன்பதாவது தாள் கடினம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத் தாள்களில் 18, 19 என்று அள்ளிக்கொண்டவர்கள் டிசம்பரில் நிம்மதியாக ஊருக்கு டிக்கெட் போடலாம்.

ஒரு தாளுக்கு நான்கு அமர்வு வையுங்கள். தாள் வந்த அன்றே 20 நிமிடம் எல்லாக் கேள்விகளையும் படித்து, எது எந்த லெக்சர் பக்கத்தைச் சார்ந்தது என்று ஓரத்தில் குறியுங்கள். இரண்டாம் நாள் 2 மணி நேரம் தனியாகப் போட்டுப் பாருங்கள். நான்காம் நாள் குழுவாக உட்கார்ந்து சிக்கியதை அவிழ்க்கலாம். ஐந்தாம் நாள் சுத்தமாக எழுதி, ஒரே பிடிஎஃப் ஆக்கி, எல்லோர் பெயரும் மாணவர் எண்ணும் போட்டு ஏற்றிவிடுங்கள்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். மூன்று பேர் குழுவில் ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்வது முதலாவது. மதிப்பெண் வரும், ஆனால் தேர்வில் மூன்றில் இரண்டு பங்கு உங்களுக்குப் புதிதாக இருக்கும். அடுத்து, 10:00 மணிக் கெடுவுக்கு 9:58க்கு ஏற்றுவது. கைப்பேசியில் எடுத்த படங்களின் அளவு அதிகமாகி, தளம் கோப்பைத் திருப்பி அனுப்பும். மூன்றாவது, வேறு குழுவின் விடையைப் பார்த்து எழுதுவது. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பூஜ்யம் போடுவது வழக்கம்.

திங்கள் காலை கெடு இருக்கும் தாள்தான் ஊர் சுற்றலுக்குப் பெரிய பகை. அதைச் சனிக்கிழமை மதியத்துக்குள் ஏற்றிவிடுவது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் ஞாயிறு முழுக்க உங்கள் கையில்.

திங்கள் முதல் வெள்ளி வரை

காலை வகுப்பு இல்லாத நாளிலும் வகுப்பு இருப்பதுபோலவே 9 மணிக்கு நூலகத்தில் இருங்கள். விடுதி அறையில் படிப்பது நவம்பர் வரை நடக்கும், அதற்குப் பிறகு இருட்டும் குளிரும் கட்டிலை விட்டு எழ விடாது. பல பல்கலைக்கழக நூலகங்களில் பையையும் கோட்டையும் உள்ளே கொண்டுபோக முடியாது. லாக்கருக்கு 1 அல்லது 2 யூரோ நாணயமோ சொந்தப் பூட்டோ வேண்டும். ஒரு நாணயத்தைப் பர்சின் தனி அறையில் எப்போதும் வைத்திருங்கள். தண்ணீர் மட்டும், அதுவும் ஒளி ஊடுருவும் புட்டியில் இருந்தால் பொதுவாக அனுமதிப்பார்கள்.

மதிய உணவுக்கு மென்சா, அதாவது பல்கலைக்கழக உணவகம். 11:30 வாக்கில் தொடங்கி 14:00 மணியோடு பல இடங்களில் முடிந்துவிடும். 12:00 முதல் 12:45 வரைதான் நெரிசல், காலை வகுப்பு 11:45க்கு முடிந்தால் நேராகப் போய்விடுங்கள். மாணவர் அட்டையில் பணம் ஏற்றிக் கட்டினால் மாணவர் விலை. அட்டை இல்லாமல் போனால் வெளியாள் விலை, அது கையைக் கடிக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் "வேகன்" (பால், முட்டையும் இல்லாதது), "வெகெடாரிஷ்" (இறைச்சி, மீன் இல்லாதது) குறிகளைப் பாருங்கள். இறைச்சி உண்பவர்களுக்கும் நான்கு சொல் தெரிய வேண்டும்: ரிண்ட் என்றால் மாடு, ஷ்வைன் என்றால் பன்றி, ஹென்ஷன் என்றால் கோழி, ஃபிஷ் என்றால் மீன். சைவத் தட்டுக்கு அருகே இருக்கும் இனிப்பில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், குறிப்புப் பலகையில் அது தனியாகப் போட்டிருக்கும். இரவுச் சமையலை ஞாயிறு மாலை, புதன் மாலை என்று இரண்டு முறை பெரிய பாத்திரத்தில் வைத்து டப்பாவில் பிரித்து வைத்தால் வாரத்தில் நான்கைந்து மணி நேரம் மிஞ்சும்.

புதன் காலி என்றால் அன்றுதான் அலுவலக வேலைகள்: வங்கி, காப்பீடு, வெளிநாட்டினர் அலுவலகக் கடிதம். இங்கே முக்கியமானவை இன்னமும் தபாலில் வருகின்றன. கடிதப் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பெட்டியை வாரம் இருமுறை திறந்து பாருங்கள்.

பேராசிரியரைப் பார்க்க "ஷ்ப்ரெஹ்ஷ்டுண்ட" எனப்படும் சந்திப்பு நேரம் உண்டு. பலர் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்கச் சொல்வார்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து, பாடத்தின் பெயர், மாணவர் எண், ஒரே ஒரு கேள்வி, இவ்வளவு போதும்.

பகுதிநேர வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது வரம்பு. 4 மணி நேரம் வரை அரை நாள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டில் மாணவர் என்ற நிலைக்கே சிக்கல் வரும். முதல் செமஸ்டரில் 8 முதல் 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. 45 மணி நேரப் படிப்போடு 20 மணி நேர வேலையும் சேர்ந்தால் முதலில் பலியாவது பயிற்சித் தாள்.

சனிக்கிழமை: கடை, துணி, புட்டி

ஞாயிறன்றும் அரசு விடுமுறை நாட்களிலும் சூப்பர் மார்க்கெட் திறக்காது. சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள கடைகளும், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடைகளும் விதிவிலக்கு. பவேரியாவில் சனிக்கிழமை 20:00 மணிக்கே கதவை மூடிவிடுவார்கள், பல மாநிலங்களில் 22:00 வரை இருக்கும். திங்கள் விடுமுறை வந்தால் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை கடைக்குள் நுழைந்தால் காய்கறித் தட்டு காலியாக இருக்கும், காலை 9 மணிக்கே போய்விடுங்கள்.

போகும்போது வாரம் முழுக்கச் சேர்ந்த காலிப் புட்டிகளையும் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிக்கும் கேனுக்கும் 25 சென்ட், மறுபயன்பாட்டு பிளாஸ்டிக் புட்டிக்கு 15 சென்ட், சாதாரண பீர் கண்ணாடிப் புட்டிக்கு 8 சென்ட் வைப்புத் தொகை. கடையில் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றாக, அடிப்பாகம் முன்னால் இருக்கும்படி உள்ளே விட வேண்டும். இயந்திரம் சுழற்றிப் பட்டைக் குறியீட்டைப் படிக்கும். நசுக்கிய கேனையும் லேபிள் கிழிந்த புட்டியையும் வெளியே தள்ளிவிடும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். இருபது புட்டிக்கு 5 யூரோ, சும்மா வராது. வைப்புத் தொகை இல்லாத ஜாம், ஊறுகாய் ஜாடிகளைத் தெருவோரக் கண்ணாடித் தொட்டியில் போட வேண்டும். ஞாயிறன்றும் இரவிலும் போடக் கூடாது, சத்தத்துக்காகப் புகார் வரும்.

விடுதியில் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சனிக்கிழமை காலை பிடிப்பது கடினம், வியாழன் இரவு 8 மணி காலியாக இருக்கும். இரவு 22:00 முதல் காலை 6:00 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுக்கவே துளையிடுவதும் சத்தமாகப் பாட்டு வைப்பதும் கூடாது.

ஞாயிறு: ஊர் சுற்றும் நாள்

கடை இல்லை, அலுவலகம் இல்லை, பயிற்சித் தாளும் போய்விட்டது. அருங்காட்சியகங்கள் ஞாயிறு திறந்திருக்கும், பெரும்பாலானவை திங்கள்தான் மூடும். மியூனிக்கின் ஆல்ட்டே பினாகோடெக் போன்ற அரசு ஓவியக் கூடங்களில் ஞாயிறு நுழைவுக் கட்டணம் 1 யூரோ. வெளியே போக இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

செலவில் பெரும் பங்கு உங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் (வட்டாரப் போக்குவரத்துக்கான மாதாந்திர டிக்கெட்) 2023 மே மாதம் மாதத்துக்கு 49 யூரோவில் தொடங்கியது, 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 ஆனது. இதையே 60 சதவீத விலையில் செமஸ்டர் டிக்கெட்டாகத் தரும் பல்கலைக்கழகங்கள் பல. உங்களுடையது அந்த வகையா, அல்லது உங்கள் வட்டாரத்துக்கு மட்டும் செல்லுமா என்று முதலில் பாருங்கள். இது பேருந்து, டிராம், யூ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (நகர்ப்புற ரயில்), ஆர்.பி., ஆர்.இ. எனப்படும் வட்டார ரயில்களில் நாடு முழுக்கச் செல்லும். ஐ.சி., ஐ.சி.இ. எனப்படும் நெடுந்தூர ரயில்களிலும் ஃபிளிக்ஸ் பேருந்திலும் செல்லாது. பயணத் திட்டச் செயலியில் "வட்டார ரயில்கள் மட்டும்" என்ற வடிகட்டியைப் போட மறந்து, வந்து நின்ற ஐ.சி.இ.யில் ஏறிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் அடையாள அட்டையும் கையில் வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. கைப்பேசி அணைந்து போனாலும் அந்த நேரத்தில் டிக்கெட் இல்லாதவர்தான். பிறகு அலுவலகத்தில் காட்டினால் அபராதம் சில யூரோவாகக் குறையும், ஆனால் அலைச்சல் அலைச்சல்தான். பவர் பேங்க் எடுத்துப் போங்கள்.

பயணத்தை இந்த வரிசையில் திட்டமிடுங்கள். முதலில் திரும்பும் கடைசி ரயிலைப் பாருங்கள். அதற்கு முந்தைய ரயிலை உங்கள் ரயிலாக வைத்துக்கொண்டு, கடைசியைக் காப்பாக விடுங்கள். அடுத்து, போகும் வழியில் ரயில் மாறும் இடங்களில் குறைந்தது 10 நிமிட இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 4 நிமிட இடைவெளியைச் செயலி தாராளமாகக் காட்டும், முதல் ரயில் 6 நிமிடம் தாமதித்தால் அடுத்தது போய்விடும். சனிக்கிழமை இரவும் கிளம்பும் முன்னும் மறுபடி பாருங்கள். பாதைப் பராமரிப்பு வேலைகளை வார இறுதிகளில்தான் அதிகம் வைப்பார்கள். "எஸ்.இ.வி." என்று போட்டிருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து, அது நிலையத்துக்கு வெளியே எங்கோ ஒரு மூலையில் நிற்கும். "ஃபெல்ட் ஆவுஸ்" என்றால் ரயில் ரத்து.

இன்னொன்று, பலரையும் நட்டநடுக் காட்டில் இறக்கிவிட்டது. சில வட்டார ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். மியூனிக்கிலிருந்து தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்துக்குப் போகும் ரயிலைப் பாருங்கள். ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலையத்தில் அது நின்று, ஒரு பகுதி பைரிஷ்ட்செல் பக்கமும் மற்றது டேகர்ன்சே, லெங்க்ரீஸ் பக்கமும் போய்விடும். டேகர்ன்சே ஏரிக்குப் போக வேண்டியவர் தவறான பெட்டியில் தூங்கினால் வேறு பள்ளத்தாக்கில் கண் விழிப்பார். நடைமேடைப் பலகையில் எந்த எழுத்துப் பகுதியில் எந்த ஊர்ப் பெட்டி நிற்கும் என்று காட்டுவார்கள், பெட்டிக் கதவருகே உள்ள திரையிலும் ஊர்ப் பெயர் ஓடும். இரண்டையும் ஒத்துப் பார்த்து ஏறுங்கள். அறிவிப்பு ஜெர்மனில் மட்டும் வந்தாலும் "ஃபோர்டரர்" முன்பகுதி, "ஹின்டரர்" பின்பகுதி என்ற இரண்டு சொல் தெரிந்தால் தப்பிக்கலாம்.

எங்கே போவது? உங்கள் ஊரிலிருந்து வட்டார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் என்பது நல்ல எல்லை. டிரெஸ்டனில் இருப்பவர்கள் எஸ்-1 பிடித்துக் குரோர்ட் ராதன் நிலையத்தில் இறங்கி, படகில் எல்பே ஆற்றைக் கடந்து, பாஸ்டை கல் பாலத்துக்கு நடந்து ஏறலாம். பாறைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பாலத்தைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகனிலிருந்தோ பானிலிருந்தோ கொலோன் போகிறவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பேராலயம். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த கட்டடம். கோபுரம் ஏற 533 படி, மின்தூக்கி கிடையாது. ஞாயிறு காலையில் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல் போங்கள். பெர்லினில் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம் இலவசம். ஆனால் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டும் கொண்டுபோக வேண்டும்.

மியூனிக்கில் இருந்தால் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகச் சொல்லாத ஆளில்லை. ஃபூசன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து, பிறகு 40 நிமிட ஏற்றம். உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், டிக்கெட்டில் போட்ட நிமிடத்துக்கு வாசலில் இருக்க வேண்டும். தவறினால் அந்த டிக்கெட் போனதுதான். ரயில் ஃபூசன் சேரும் நேரத்துக்கும் கோட்டை நேரத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டு, சில நாள் முன்பே ஆன்லைனில் பதியுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர், மதியச் சாப்பாடு, மழைக் கோட்டு, கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள், 20 யூரோ ரொக்கம். சிற்றூர் கடைகளில் அட்டை வாங்க மறுப்பது இன்னமும் உண்டு. டிசம்பரில் மாலை நாலு, நாலரைக்குள் இருட்டிவிடும். மலைப் பாதையானால் காலை 7 மணி ரயில், பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும் நடை. அவசரத்துக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் திங்கள் வரை காத்திருக்க முடியாத காய்ச்சலுக்கு 116117.

அக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறும். மார்ச்சில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், காலை ரயிலுக்கு அலாரம் வைப்பவர்கள் கவனியுங்கள்.

எல்லை தாண்டுவதானால்

மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆனால் அது ஆஸ்திரியா. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் அசலாகக் கையில் வேண்டும், கைப்பேசிப் படம் போதாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்தி வருகிறது, திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறி ஒவ்வொரு இருக்கையாகக் கேட்பார்கள். செல்லத்தக்க ஜெர்மன் அனுமதியோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். சுவிட்சர்லாந்து இதில் அடங்கும், பிரிட்டனும் அயர்லாந்தும் அடங்காது. நுழைவு விசா முடிந்து அட்டை இன்னும் வராமல், இடைக்காலச் சான்று மட்டும் கையில் இருந்தால், வெளிநாட்டினர் அலுவலகத்தைக் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள்.

பணமும் தேர்வும்

விசாவுக்காகப் பணம் போட்டு வைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது, வாடகை 400, மாணவர் காப்பீடு 145 வாக்கில் என்று வைத்தால் கையில் நிற்பது வாரத்துக்கு ஏறக்குறைய 100 யூரோ. சமையல் பொருளும் மென்சாவும் 50 முதல் 60, கைப்பேசியும் சில்லறைச் செலவும் 15. ஞாயிறு பயணத்துக்கு 15 முதல் 20 வரை தாராளமாகக் கிடைக்கும். ரயில் ஏற்கெனவே கட்டியது என்பதால், வீட்டுச் சாப்பாட்டோடு போனால் இந்தத் தொகையில் பாதி மிஞ்சி, கோட்டை டிக்கெட் வாரத்துக்கு உதவும்.

ஜனவரி நடுவிலிருந்து இந்த வாரம் மாறும். ஞாயிறு முழு நாளை அரை நாளாக்கி, காலையில் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிவிட்டு, மதியம் பக்கத்து ஏரிக்கோ காட்டுக்கோ மட்டும் போங்கள். தரம் 1.0 மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பல படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம், மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே முடிந்துவிடும். தயாராகாத தேர்விலிருந்து விலகக் கடைசி நாள் எது என்பதைப் பதிவுத் தேதியோடு சேர்த்தே குறித்து வையுங்கள். பல இடங்களில் தேர்வுக்குச் சில நாள் முன்பு வரை இணையத்தில் விலகலாம். அந்த நாள் தாண்டிய பிறகு உடம்புக்கு முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் தேதியிட்ட சான்றைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.